பய வேர் காடு

கேட்டீர்களா? இப்போது கண்டக்டர் கத்தினாரே, கேட்டீர்களா? "பயவேக்காடு, பயவேக்காடு, எடம் கீது, ஏறு." அவர் தலைக்கு மேலேயே பலகை இருக்கிறது. பழவேற்காடு என்று பெரிய எழுத்தில் எழுதியிருக்கிறது. எழுத்தில் இருப்பது ஒன்று, வாயில் வருவது ஒன்று.

நீங்களே ஜன்னலோரம் உட்காருங்கள் தம்பி. எனக்கு இந்தப் பக்கம் போதும். வண்டி கிளம்ப நேரம் இருக்கிறது. டிரைவர் இப்போதுதான் வடையைக் கையில் எடுத்திருக்கிறார்.

கைபேசியிடம் பேசிக்கொண்டிருந்தீர்கள். நான் ஒட்டுக்கேட்கவில்லை, காதில் விழுந்தது. நீங்கள் பேசப் பேச அது எழுதுகிறது, இல்லையா? "வழியில இருக்கேன், ஏழு மணிக்குள்ள திரும்பிடுவேன்" என்றீர்கள். வழி அழகாக வந்தது. ஏழு அதைவிட அழகு. எந்த ஊர்? கும்பகோணமா? நினைத்தேன். பறவை பார்க்க வந்தீர்களா? பையைப் பார்த்தாலே தெரிகிறது. பூநாரைகள் வந்திருக்கும். என் மாணவி ஒருத்தி சொல்வாள், "ஐயா, அதுங்க வந்தா ஏரிக்கு வெக்கம் வந்த மாதிரி ஆயிடும்" என்று. சிவந்துவிடுமாம். அவள் வீட்டுக்குத்தான் போகிறேன்.

நான் தமிழாசிரியர். தணிகாசலம். இந்தப் பக்கத்தில்தான் ஒரு பள்ளி, பெயர் வேண்டாம். என்ன, இந்த ஆள் எழுதுவதைப் போலவே பேசுகிறானே என்று பார்க்கிறீர்களா? வீட்டிலும் இப்படித்தான். "உப்பு கம்மின்னு சொல்ல எதுக்கு இவ்ளோ நீட்டு?" என்பாள் என் மனைவி. பழகிவிட்டது. இனி மாற்ற முடியாது.

இந்தப் பையில் என்ன இருக்கிறது தெரியுமா? ஒரு மைக். சட்டைக் காலரில் மாட்டிக்கொள்கிற சின்ன மைக். சுற்றியுள்ள இரைச்சலைத் தள்ளிவிட்டுப் பேசுகிறவர் குரலை மட்டும் எடுக்கும் என்று கடைக்காரர் சொன்னார். அந்தப் பெண்ணுக்காக வாங்கினேன். என் மனதில் ஒரு குற்ற உணர்ச்சி. அது இந்த மைக்கோடு தீர்ந்துவிடும் என்று நம்புகிறேன். தீருமா? நீங்கள் பதில் சொல்ல வேண்டாம். கேட்டுக்கொண்டிருந்தால் போதும்.

ஜூன் மாதம் பள்ளி திறந்ததும் எங்கள் தலைமையாசிரியை ஃப்ளாரன்ஸ் மேடம் எல்லோரையும் கூப்பிட்டார். வகுப்பறையில் தொழில்நுட்பத்தை எப்படிப் பயன்படுத்தப் போகிறோம் என்று ஆளுக்கு ஓர் இலக்கு சொல்ல வேண்டும். அரையாண்டுத் தேர்வுக்குள் அடைய வேண்டும். நான் எழுதிக் கொடுத்தேன், "மாணவர்கள் தொழில்நுட்பத்தின் வாயிலாகத் தமிழ் மீது பற்றுக் கொள்வார்கள்" என்று. மேடம் படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார்.

"ஐயா, இலக்குன்னா அளக்கிற மாதிரி இருக்கணும். பற்றை எப்படி அளக்கிறது?"

கணக்கு டீச்சர் ஷர்மிளா பக்கத்தில் இருந்தார். சின்ன வயது. "ஐயா, பற்றுக்கு ஏதாவது ஆப் இருக்கான்னு பார்த்துச் சொல்லட்டா?" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அந்த அறையில் வயதில் மூத்தவன் நான்தான். சிரிக்காமல் என்ன செய்வது?

அன்று மாலை என் மகன் என் கைபேசியில் இந்த வசதியைக் காட்டினான். "அப்பா, நீங்க சும்மா பேசுங்க, அதுவே எழுதும்." நான் பேசினேன். "கிழக்கே எழுந்த கதிரவனின் ஒளி விழுந்து வயல் முழுவதும் பொன்னாக ஒளிர்ந்தது" என்று ஏதோ சொன்னேன். ஒரு பிழை இல்லை தம்பி. ழகரம், லகரம், ளகரம், எல்லாம் அதனதன் இடத்தில். எனக்குக் கண் கலங்கிவிட்டது. இத்தனை வருடத்தில் என் உச்சரிப்பை யாராவது இவ்வளவு கவனமாகக் கேட்டிருக்கிறார்களா? வகுப்பில் பாதிப் பேர் ஜன்னலைப் பார்ப்பார்கள். இந்த இயந்திரம் கேட்டது. கேட்டு மதித்தது.

மறுநாள் மேடத்திடம் போனேன். ஒன்பதாம் வகுப்பு பி பிரிவில் ஒவ்வொரு மாணவரும் பத்து வாக்கியம் பேச வேண்டும், இயந்திரம் அதைப் பிழையில்லாமல் எழுத வேண்டும், இதுதான் என் இலக்கு என்றேன். மேடத்துக்கு மிகவும் பிடித்துவிட்டது.

"எத்தனை சதவீதம் போடலாம் ஐயா?"

"நூறு."

"நூறா? எண்பதுன்னு போடுங்க. யாராவது ரெண்டு பேர் இழுப்பாங்க."

"தமிழுக்கு எண்பதா மேடம்?" என்றேன்.

ஷர்மிளா டீச்சர் அங்கே இருந்தார். அவர் இருந்ததால்தான் அப்படிச் சொன்னேனோ என்று இப்போது சில சமயம் தோன்றுகிறது. இருக்கட்டும். நூறு என்று முடிவாயிற்று.

ஆ, வண்டி கிளம்பிவிட்டது. உங்கள் டிக்கெட்டை வாங்கிவிட்டீர்களா? "ஒரு பழவேற்காடு" என்று கேட்டுப்பாருங்கள், கண்டக்டர் உங்களை ஒரு மாதிரி பார்ப்பார். பார்த்தாரா? நான் சொன்னேனே.

முதல் வாரம் திருவிழாதான். ஸ்மார்ட் போர்டில் என் கைபேசியை இணைத்துவிட்டோம். பிள்ளைகள் பேசினால் சுவரில் பெரிய பெரிய எழுத்தாக ஓடும். கோகுல் என்று ஒருவன், பரீட்சைத் தாளில் தன் பெயரைத் தவிர எதையும் எழுதாதவன். அவன் "இன்னிக்கி சத்துணவுல முட்டை சின்னதா இருந்துச்சு" என்றான். அது சுவரில் வந்தது. "ஐயா, நான் எழுதிட்டேன்!" என்று குதித்தான். எனக்கு அவ்வளவு மகிழ்ச்சி. அதைக் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டும் தம்பி. நல்லதும் நடந்தது.

மோனிஷா இரண்டாவது பெஞ்ச். பழவேற்காட்டிலிருந்து தினமும் இதே பஸ்ஸில் வருவாள். அப்பா கடலுக்குப் போகிறவர். அம்மா தேசம்மா, ஏரியில் இறால் பிடிக்கிற வேலை. இந்தப் பெண்ணுக்கு வாய் ஓயாது. கண்டக்டர் மாதிரி பேசிக் காட்டுவாள், ஃப்ளாரன்ஸ் மேடம் மாதிரி பேசிக் காட்டுவாள், நான் திரும்பி நின்றால் என் மாதிரியும் பேசிக் காட்டுவாள் என்று கேள்வி. அவள் சிரித்தால் மூன்று வகுப்பு தள்ளிக் கேட்கும். என்னைத் தமியய்யா என்பாள். தமிழய்யா அவள் வாயில் அப்படித்தான் வரும். "அடியே, தமி என்றால் தனிமை என்று பொருள். நான் தனியாக இருக்கிற ஐயாவா?" என்று கேட்டிருக்கிறேன். "நாங்கல்லாம் கீறோமே ஐயா, நீங்க எப்படித் தனி?" என்றாள். பதில் தயாராக இருக்கும்.

அவள்தான் கையைத் தூக்கினாள். "ஐயா, நானு! ஐயா, நானு!" எழுந்து வந்து கைபேசி முன்னால் நின்று, கல்யாணத்தில் மைக் பிடித்த மாதிரி தொண்டையைக் கனைத்துக்கொண்டு, "எங்க ஊர் பழவேற்காடு" என்றாள். அதாவது, அவள் சொன்னது உங்களுக்கே தெரியும்.

சுவரில் என்ன வந்தது தெரியுமா? எங்க ஊர் பய வேர் காடு.

மூன்று சொல். பயம், வேர், காடு. வகுப்பே விழுந்து விழுந்து சிரித்தது. அவளும் சிரித்தாள். எல்லோரையும்விட அதிகமாகச் சிரித்தது அவள்தான், அதை நான் நிச்சயமாகச் சொல்வேன். இன்னொரு முறை சொன்னாள். மறுபடியும் பய வேர் காடு. இடுப்பில் கை வைத்துக்கொண்டு என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

"ஐயா, இதுக்குக் காது கேக்கலியா?"

நான் சொன்னேன், "அதன் காது நன்றாகத்தான் இருக்கிறது. உன் நாக்கில்தான் கோளாறு."

சிரிப்புக்காகச் சொன்னது. பிள்ளைகளும் சிரித்தார்கள். நீங்கள் ஏன் சிரிக்கவில்லை? சரி, சொல்லிக் கேட்டால் சிரிப்பு வராதுதான். அன்று எல்லோரும் சிரித்தோம்.

அதற்குப் பிறகு அவளுக்குப் பட்டப்பெயர் வந்துவிட்டது. பயவேரு. கோகுல் ஆரம்பித்திருப்பான். நான் கண்டித்தேன். ஒரு நாள் வருகைப் பதிவு எடுக்கும்போது என் வாயிலும் அது வந்துவிட்டது, "பயவேர் எங்கே, வரவில்லையா?" என்று. செல்லமாகத்தான். அவள் எழுந்து நின்று "உள்ளேன் ஐயா" என்றாள்.

நான் அவளைக் கைவிடவில்லை. அதை நீங்கள் புரிந்துகொள்ள வேண்டும். மதிய இடைவேளையில் தனியாக உட்கார வைத்துச் சொல்லிக்கொடுத்தேன். கண்ணாடி கொண்டுவந்தேன். நாக்கை எப்படி மடிக்க வேண்டும், நுனி மேலே எங்கே தொடாமல் நிற்க வேண்டும் என்று காட்டினேன். அந்த வாழைப்பழத் தோலில் வழுக்கி விழுகிற ஏழைக் கிழவன் இருக்கிறானே, அவனை எத்தனை முறை விழவைத்திருப்பேன், அந்தப் பாவத்துக்கே எனக்குத் தனியாக நரகம் உண்டு. அவள் சாப்பாட்டுப் பெட்டி திறக்காமலே பக்கத்தில் இருக்கும். நானும் சாப்பிடவில்லை, அதையும் சொல்லிவிடுகிறேன்.

வரவில்லை. யகரம்தான் வந்தது.

எனக்கு அது எப்படிப்பட்ட பாடு என்று தெரியும். எப்படித் தெரியும் என்கிறீர்களா? நான் திருத்தணிப் பக்கம். எங்கள் வீட்டில் எல்லோருக்கும் வாயப்பயம்தான். ஆசிரியர் பயிற்சிக்குப் போனபோது, முதல் நாள் எழுந்து பெயரும் விருப்பப் பாடமும் சொல்லச் சொன்னார்கள். "தமி" என்றேன். அவ்வளவுதான், இரண்டு வருடம் அந்தப் பெயர்தான் எனக்கு. நான் விடவில்லை. மொட்டை மாடியில் தண்ணீர்த் தொட்டிக்குள் தலையை விட்டு, எதிரொலி கேட்டுக் கேட்டு, ழகரத்தைப் பிடித்தேன். பிடித்த பிறகு விடவில்லை. கோபத்தில், பதற்றத்தில் ஒன்றிரண்டு முறை பழைய நாக்கு எட்டிப் பார்த்திருக்கிறது. அதுவும் நின்று எத்தனையோ வருடம் ஆகிறது. ஊருக்குப் போனால் என் அம்மா பேச்சையும் திருத்துவேன். அவர்கள் நல்ல முறையில் ஏற்றுக்கொண்டார்கள். கடைசிக் காலத்தில் என்னிடம் ரொம்பக் குறைவாகத்தான் பேசுவார்கள். அது அவர்கள் சுபாவம்.

அதனால்தான் நினைத்தேன், என்னால் முடிந்தது இவளால் முடியாதா என்று. தவறா?

ஆகஸ்டுக்குள் மற்றவர்கள் எல்லோரும் முடித்துவிட்டார்கள். கோகுல்கூட முடித்துவிட்டான். இவள் ஒருத்திதான். அப்போதுதான் ஒரு தந்திரம் செய்ய ஆரம்பித்தாள். நான் கண்டுபிடிக்கச் சில நாள் ஆயிற்று. ழகரம் வருகிற சொல்லையே தொடமாட்டாள். மழை பெய்தது என்று சொல்ல வேண்டிய இடத்தில் "வானம் ஊத்திச்சு" என்பாள். பழைய சோறு "நேத்து சோறு." கீழே விழுந்தேன் என்பது "தரைக்கு வந்துட்டேன்." ஏழு என்பதற்கு "ஆறும் ஒண்ணும்." ஒருமுறை, தம்பி எப்படி இருக்கிறான் என்று கேட்டதற்கு, "ராத்திரி முச்சூடும் கண்ணுல தண்ணி வுட்டான் ஐயா" என்றாள். அழுதான் என்று சொல்லக்கூடாதல்லவா, அதற்காக.

இயந்திரம் எல்லாவற்றையும் பிழையில்லாமல் எழுதியது!

எனக்கு உள்ளுக்குள் வியப்பு. இப்படிச் சொல்வளம் எந்தப் பிள்ளைக்கு வரும்? ஆனால் பத்து வாக்கியத்தையும் இப்படியே தாண்டிவிட்டால் இலக்கை அடைந்ததாக ஆகுமா? எனக்கு நேர்மை முக்கியம். அதனால் ஒரு விதி வைத்தேன். ஒவ்வொரு வாக்கியத்திலும் ஒரு ழகரமாவது இருக்க வேண்டும். எல்லோருக்கும் பொதுவான விதிதான். மற்றவர்கள் ஏற்கெனவே முடித்திருந்தார்கள், அது வேறு.

அதன் பிறகு அவள் வாக்கியங்கள் சின்னதாகிவிட்டன. எந்த ஊர் என்று யாராவது கேட்டால் "கடலோரம்" என்பாள். தமியய்யா என்று கூப்பிடுவதை நிறுத்திவிட்டாள். வெறும் ஐயா. கொஞ்ச நாளில் அதுவும் குறைந்தது. கையைத் தூக்கித் தண்ணீர் குடிக்கிற மாதிரி காட்டுவாள், நான் தலையசைப்பேன், போய்விட்டு வருவாள். ஒன்பது பி முன்பெல்லாம் சந்தை மாதிரி இருக்கும். நவம்பரில் ஃப்ளாரன்ஸ் மேடம் வராந்தாவில் போகும்போது நின்று, "ஐயா, உங்க கிளாஸ் இப்ப எவ்ளோ அமைதியா இருக்கு!" என்று பாராட்டினார். எனக்குப் பெருமையாக இருந்தது.

இடது பக்கம் பாருங்கள், ஏரி தொடங்கிவிட்டது. பூநாரை இன்னும் உள்ளே போனால்தான் தெரியும்.

இனிமேல்தான் நான் செய்த தவறு வருகிறது. அரையாண்டுக்கு முன்னால் ஓர் அதிகாரி பார்வையிட வந்தார். மேடம் முதல் நாளே கூப்பிட்டார். "ஐயா, உங்க இலக்கைத்தான் அவர்கிட்ட பெருசா சொல்லியிருக்கேன். நூறு வந்துடுச்சுல்ல?" நான் தலையை ஆட்டிவிட்டேன். ஒரு தலையாட்டல். வாயால்கூடச் சொல்லவில்லை.

அவர் யாரை வேண்டுமானாலும் கூப்பிடுவாரே! என்ன செய்வது? தரணி என்று ஒரு பெண், பேச்சுப் போட்டியில் பரிசு வாங்குகிறவள். அவளைக் கடைசி பெஞ்சில் என் கைபேசியோடு உட்கார வைத்தேன். முன்னால் ஒரு பழைய மைக்கை வைத்தேன், எதிலும் இணைக்காத மைக். மோனிஷாவிடம் சொன்னேன், "உன்னைக் கூப்பிட்டால் இந்த மைக் முன்னால் நின்று வாயை மட்டும் அசை. சத்தம் வரக்கூடாது. தரணி மெதுவாகப் பேசுவாள்." அவள் என்னைப் பார்த்தாள். சரி என்றுகூடச் சொல்லவில்லை. தலையை ஆட்டினாள், நான் மேடத்திடம் ஆட்டினேனே, அப்படி.

அதிகாரி அவளைத்தான் கூப்பிட்டார். இரண்டாவது பெஞ்ச் ஓரம், கண்ணில் படுகிற இடம். அவள் வந்து நின்றாள். வாயை அசைத்தாள். எவ்வளவு அழகாக அசைத்தாள் தெரியுமா? பேசிக் காட்டுகிறவள் அல்லவா? சுவரில் ஓடியது, "என் ஊர் பழவேற்காடு. அங்கே மழைக்காலத்தில் ஏரி முழுவதும் நீர் சூழ்ந்திருக்கும்." ஒரு பிழை இல்லை. அதிகாரி சுவரைத்தான் பார்த்தார். யாரும் அவளைப் பார்க்கவில்லை. கை தட்டினார்கள்.

பிறகு அவர் இவள் பக்கம் திரும்பி, அன்பாகத்தான், "பழவேற்காட்டுல எந்தப் பக்கம்மா உங்க வீடு?" என்று கேட்டார்.

அவள் பதில் சொன்னாள். அதாவது வாய் அசைந்தது. சத்தம் வரவில்லை. அவர் குனிந்து, "என்னம்மா?" என்றார். மறுபடி வாய் அசைந்தது. வாய் மட்டும். கடைசி பெஞ்சில் தரணி என்னைப் பார்க்கிறாள், பேசவா வேண்டாமா என்று. வெட்கப்படுகிறாள் என்று அதிகாரி சிரித்துக்கொண்டே நகர்ந்துவிட்டார்.

அரையாண்டு விடுமுறை முடிந்து பள்ளி திறந்தது. மோனிஷா வரவில்லை. இன்றுவரை வரவில்லை.

நான் மேடத்திடம் உண்மையைச் சொல்லிவிட்டேன். நூறு இல்லை, ஒருத்தி குறைகிறாள், ஏமாற்றிவிட்டேன் என்று. மேடம் சிரித்தார். "விடுங்க ஐயா, யாரு போயி எண்ணப் போறா?" என்றார். அவருக்கு விளையாட்டாக இருக்கிறது. என்னால் தூங்க முடியவில்லை. ஓர் அதிகாரியின் முன்னால் பொய்யை நிறுத்திவிட்டேன். அதுதான் அரிக்கிறது. அந்தப் பொய்யை உண்மையாக்க ஒரே வழிதான். அவள் ஒரே ஒருமுறை சரியாகச் சொல்லிவிட்டால் போதும். அதற்குத்தான் மைக்.

தேசம்மாவுக்கு போன் செய்தேன். பாவம், அவர்கள் என்னிடம் மன்னிப்புக் கேட்கிறார்கள். "ஐயா, வூட்லகூட வாயத் தொறக்க மாட்றா ஐயா. எல்லாம் ஜாடதான். தம்பிய அடிச்சாகூட சத்தம் வர்ல. எங்க வாயி அப்படி ஐயா, நாங்க என்னா பண்றது, நாங்க பயவேக்காட்டுக்காரங்க."

"பழவேற்காடு" என்றேன் நான்.

"ஆங், அதான் ஐயா."

வேண்டுமென்று திருத்தவில்லை. வாயில் வந்துவிட்டது. போனை வைத்த பிறகுதான் உறைத்தது. அந்த அம்மா "என் பிள்ளை பேசவில்லை" என்கிறார்கள், நான் என்ன சொல்லியிருக்கிறேன்? அன்றிலிருந்து ஒரு கேள்வி. நான் எந்தப் பொய்க்காக வருந்துகிறேன்? அதிகாரியிடம் சொன்னதற்கா? அவர் இந்நேரம் என்னை மறந்திருப்பார். சில சமயம் அதற்கு மேல் யோசனை போகிறது. நான் விடுவதில்லை. போனால் எங்கே போய் நிற்கும் என்று தெரியவில்லை.

அடடா. பாருங்கள், வெறுங்கையோடு கிளம்பிவிட்டேன். பிள்ளை இருக்கிற வீட்டுக்கு. மைக் இருக்கிறது, சாப்பிட ஒன்றுமில்லை. இறங்குகிற இடத்தில் பழக்கடை இருக்குமா? இருக்கிறதா, நல்லது. தேசம்மாவுக்கு ஒரு செய்தி அனுப்பிவிடுகிறேன். வருகிறேன் என்று இன்னும் சொல்லவில்லை. சொன்னால் பெண் எங்காவது போய்விடுவாளோ என்று ஒரு பயம். தேசம்மாவுக்குப் படிக்கத் தெரியாது, மோனிஷாதான் படித்துக் காட்ட வேண்டும். காட்ட வேண்டும், இல்லையா? வாயைத் திறந்தாக வேண்டும். பார்த்தீர்களா, இதுகூட ஒரு வழிதான்.

எழுத்து சின்னதாக இருக்கிறது, கண்ணாடியை மேசையிலேயே விட்டுவிட்டேன். நான் பேசுகிறேன், என்ன வந்திருக்கிறது என்று நீங்கள் படித்துச் சொல்லுங்கள். இதோ.

"வணக்கம் அம்மா. நான் பஸ்ஸில் வந்துகொண்டிருக்கிறேன். மோனிஷாவிடம் சொல்லுங்கள். பழம் வாங்கிக்கொண்டு வருகிறேன்."

படியுங்கள். ம். ம். கடைசி வரி?

என்ன?

பயமா? பயம் வாங்கிக்கொண்டு வருகிறேன் என்றா வந்திருக்கிறது? பஸ் சத்தம். இந்த எஞ்சின் இரைச்சலில் யாருக்குத்தான் சரியாகக் கேட்கும்? அதை மட்டும் அழித்துவிட்டுக் கொடுங்கள். "பழம் வாங்கிக்கொண்டு வருகிறேன்."

மறுபடியுமா?

இருங்கள். மைக் இருக்கிறதே. இதற்குத்தானே வாங்கியது. இந்தச் சின்னதைக் கைபேசியில் செருக வேண்டுமா? நன்றி. காலரில் சரியாக மாட்டியிருக்கிறதா? இப்போது இரைச்சலைத் தள்ளிவிடும். என் குரலை மட்டும் எடுக்கும்.

"பழம்."

சொல்லுங்கள். பரவாயில்லை, சொல்லுங்கள்.

இல்லை தம்பி, நீங்கள் கேட்டீர்கள்தானே? இயந்திரத்தை விடுங்கள். உங்கள் காதுக்கு. நான் என்ன சொன்னேன்?

சரி.

ரொம்ப நாளாச்சு இந்த நாக்கு வந்து. தொட்டிக்குள்ள தலைய வுட்டு... சரி, அத வுடுங்க. எங்கம்மா கடைசியா ஆசுபத்திரியில இருக்கறப்ப என்னாண்ட எதுவோ கேட்டாங்க. வாய் அசஞ்சுது. சத்தம் வர்ல. முடியாம இருக்காங்கன்னு நெனச்சேன். முடியாமத்தான் இருந்திருப்பாங்க. இல்ல? நீங்க பதில் சொல்ல வேணாம்.

கண்டக்டர் குரல் குடுக்கறாரு. எறங்கணும். என்னது? ஆமா, காலர்லயே கீது. நல்லவேளை சொன்னீங்க. இத்தோட போய் நின்னா அந்தப் பொண்ணு என்ன ஆவும்? இந்தாங்க, இத நீங்க வச்சிக்குங்க. பறவை சத்தம் புடிக்க ஆவும். அதுங்க எப்படிக் கத்தினாலும் சரிதானே.

அந்தச் செய்திய அழிக்காதீங்க. மாத்தவும் வேணாம். பயம் வாங்கிக்கொண்டு வருகிறேன், அப்படியே இருக்கட்டும். கீழ பேரு போடணும். தணிகாசலம் வேணாம், அது யாருன்னு அவளுக்குத் தெரியாது. தமியய்யான்னு போடுங்க. இல்ல இல்ல, திருத்தாதீங்க, யன்னாவே போடுங்க. ஆங். அனுப்பிடுங்க.

அவதான் படிக்கணும். படிச்சா சிரிப்பா. அவ சிரிச்சா மூணு வகுப்பு தள்ளிக் கேக்கும்.